ஆறாவது கட்டம்

ஷகிலாவுக்குக் கோபம் மூன்று மொழிகளில் வரும். வீட்டில் உருது, கம்பெனியில் தமிழ், பெங்களூர்க் கடைக்காரர்களிடம் கன்னடம் என்று பிரித்து வைத்துப் பேசுகிறவள்தான். கோபம் தலைக்கேறிவிட்டால் மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறிவிடுவாள். தர்மபுரியில் அவளுடைய ஊறுகாய்க் கம்பெனியில் வேலை பார்க்கும் பன்னிரண்டு பெண்களுக்கும் இது பழகிப்போன விஷயம். உப்புக் கூடினால் முதலில் உருது வரும், மூடி சரியாக இறுகாவிட்டால் கன்னடம் வரும் என்று தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொள்வார்கள்.

அரூரில் பிளஸ் டூ வரை வணிகவியல் படித்தவள் அவள். மனப்பாடம் செய்த பேரேடும் ஐந்தொகையும் கல்யாணத்தோடு போயிற்று. புருஷன் அப்துல் ஷுக்கூருக்குத் தர்மபுரியில் இரும்புச் சாமான் கடை. அந்தக் கடை வாசலில், ஆணி டப்பாக்களுக்கு நடுவே, இரண்டு பாட்டில் மாங்காய் ஊறுகாயை வைத்து விற்க ஆரம்பித்தவள், பதினாறு வருடத்தில் பெங்களூருக்கு வாரம் ஒரு லோடு அனுப்பும் நிலைக்கு வந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஜிஎஸ்டி வந்தபோது ஆடிட்டர் ஆபீஸ் படிக்கட்டில் நாள் கணக்காக உட்கார்ந்து, அங்கே வேலை பார்த்தவர்கள் சலித்துக்கொள்ளும் வரை கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு மாவட்டத்தின் சிறந்த பெண் தொழில்முனைவோர் என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து மைக் இருக்கிற இடத்துக்கெல்லாம் அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பைபாஸ் ஓரத்தில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியும் அப்படிக் கூப்பிட்டது.

அந்தக் கல்லூரியில் ஜூன் மாதம் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஆனால் ஏப்ரலில் நடந்ததைச் சொல்லாமல் ஜூனுக்குப் போக முடியாது.

ஏப்ரலில் ஷகிலாவின் கம்பெனியில் பில் போடும் வேலையில் இருந்தவள் பிரியங்கா. பென்னாகரத்துக்காரி. அதே பைபாஸ் கல்லூரியில் பி.காம். முடித்து, வேலைக்கு வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவள். அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் பிரியங்காதான். சத்தமில்லாமல் வருவாள், சத்தமில்லாமல் வேலை பார்ப்பாள். ஷகிலாவே அவளை ஒரு தடவைகூடத் திட்டியதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரக்கு ஏற்றிய வண்டி கிளம்பினால் கூடவே இ-வே பில் என்று ஒரு சீட்டு போக வேண்டும். அரசாங்கத்தின் இணையதளத்தில் போடுவது. என்ன சரக்கு, யாருக்குப் போகிறது, எந்த நம்பர் வண்டி என்று அதில் இருக்கும். அன்று பெங்களூர் லோடு சூளகிரிப் பக்கம் போகும்போது லாரிக்கு அச்சு முறிந்தது. டிரைவர் மாதேஷ் சரக்கை வேறு லாரிக்கு மாற்றிவிட்டு ஆபீசுக்குப் போன் செய்தான். ஷகிலா அப்போது ஏரியூர்ப் பக்கம் ஒரு மாந்தோப்பில் விலை பேசிக்கொண்டிருந்தாள். அங்கே டவர் கிடையாது. ஆபீசில் பிரியங்கா மட்டும்.

அவள் பதறவில்லை. படித்ததை நினைவுக்குக் கொண்டு வந்தாள். பழைய பில்லை ரத்து செய்தாள், புது பில் போடப் போனாள். அதற்குள் இணையதளம் அவளை வெளியே தள்ளிவிட்டது. மறுபடி உள்ளே நுழைய ஓடிபி கேட்டது. ஓடிபி ஷகிலாவின் போனுக்குத்தான் போகும். நாற்பது நிமிடம் அவள் அந்தப் போனுக்கு விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். பில் இதோ வந்துவிடும் என்று மாதேஷ் வண்டியை எடுத்துவிட்டான். ஓசூருக்கு முன்னாலேயே அதிகாரிகள் நிறுத்தினார்கள். பில் இல்லாத சரக்கு என்று வண்டியை ஓரம் கட்டிவிட்டார்கள்.

மூன்று நாள் வெயிலில் நின்றது லோடு. அபராதம் கட்டி எடுத்து வருவதற்குள் பாதிப் பாட்டில்களில் எண்ணெய் வெளியே கசிந்துவிட்டது. பெங்களூர்க் கடைக்காரர் இனிமேல் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். இத்தனைக்கும் எதையும் ரத்து செய்திருக்கவே வேண்டாம். அதே பில்லில் வண்டி நம்பரை மட்டும் மாற்றியிருந்தால் போதும். இரண்டு நிமிட வேலை.

"ரத்து பண்ணச் சொல்லி யாரு சொன்னா உனக்கு?" என்று ஷகிலா கத்தியபோது பன்னிரண்டு பெண்களும் கையை நிறுத்திவிட்டார்கள்.

"எங்க காலேஜ் ரெக்கார்டு நோட்டுல அப்படித்தாங்கக்கா இருக்கு. வண்டி ரிப்பேரானா கேன்சல் பண்ணிட்டுப் புதுசா போடணும்னு."

"என் சரக்கு அங்க வெயில்ல வெந்துட்டு கெடக்கு, நீ ரெக்கார்டுங்கறியா? நாளையிலிருந்து வர வேணாம். போ."

பிரியங்கா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. ஊர்ச் சிறுதொழில்காரர்கள் நூற்றுச்சொச்சம் பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஷகிலா ஒரு குரல் பதிவு போட்டாள். டிகிரியை நம்பி ஆள் எடுக்காதீர்கள், என் பில் செக்சனில் இருந்த பிரியங்கா என்ன செய்தாள் தெரியுமா என்று பெயரோடு, ஊரோடு. அந்தப் பதிவில் ரத்து செய்த கதை இருந்தது. நாற்பது நிமிடம் எடுக்காத போனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதன் பிறகு தர்மபுரியில் எந்தக் கம்பெனியும் பிரியங்காவைக் கணினி முன்னால் உட்கார வைக்கவில்லை.

இப்போது ஜூனுக்கு வரலாம்.

கல்லூரியில் என்ன பாடம் நடத்துவது என்று முடிவு செய்ய ஒரு பாடத்திட்டக் குழு உண்டு. அதில் தொழில் செய்கிற ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒருவர் ஷகிலா. நாலு வருடத்துக்கு முன்பு ஒரு முறை போயிருக்கிறாள். பொன்னாடை போர்த்தினார்கள், மிக்சரும் டீயும் கொடுத்தார்கள், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். இந்த முறை கடிதம் வந்ததும் அவளுக்கு ஏப்ரல்தான் ஞாபகத்துக்கு வந்தது. என் லோடைக் கெடுத்த படிப்பை அவர்கள் முகத்துக்கு நேராகக் கிழிக்கிறேன் பார் என்று அப்துல் ஷுக்கூரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

துறைத் தலைவர் முனிராஜ் வாசலுக்கே வந்து வரவேற்றார். ஏசி அறை, பொன்னாடை, அதே மிக்சர். ஜெயபிரியா என்ற இளம் விரிவுரையாளர் எல்லோருக்கும் கோப்புகளை வைத்துக்கொண்டு வந்தார். இந்த ஆண்டு வணிகவியல் முழுக்க டிஜிட்டல் யுகத்துக்கு மாறுகிறது என்று முனிராஜ் அறிவித்தார். செயற்கை நுண்ணறிவும் வணிகமும் என்று ஒரு தாள், பிளாக்செயின் என்று ஒரு தாள், சமூக ஊடகச் சந்தைப்படுத்தல் என்று ஒரு தாள். ஒவ்வொரு பெயரையும் அவர் உச்சரிக்கும்போது அவருக்கே ஒரு நிமிர்வு வந்தது.

ஷகிலா கோப்பைப் புரட்டினாள். கடைசியில் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு இருந்தது. கூட்டம் ஆரம்பித்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை. குறிப்போ அச்சடித்து, தேதி போட்டு, கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு போட்டுத் தயாராக இருந்தது. 'உறுப்பினர்கள் விரிவாக விவாதித்தனர். தொழில்துறை வல்லுநர் திருமதி ஷகிலா அவர்கள், புதிய பாடத்திட்டம் காலத்தின் தேவையை நிறைவு செய்கிறது எனப் பாராட்டினார்.' அவள் இன்னும் வாயையே திறக்கவில்லை.

"நான் எப்பங்க பாராட்டுனேன்?"

முனிராஜ் சிரித்தார். "ஃபார்மாலிட்டிதாங்க மேடம். எல்லா காலேஜ்லயும் இப்படித்தான். நீங்க பேசுனதும் சேத்துக்கறோம்."

"புள்ளைங்க கம்ப்யூட்டர்ல என்ன செய்யறாங்கன்னு நான் பாக்கணும். லேபைத் திறங்க."

லேப் பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியார் நடத்தும் ஆன்லைன் தேர்வுக்கு அதை வாடகைக்கு விடுகிறார்களாம், பசங்க கை வைத்தால் மவுஸ் போய்விடுகிறதாம். அதற்குப் பதிலாக ஜெயபிரியா பீரோவைத் திறந்து ஒரு கட்டு ரெக்கார்டு நோட்டுகளைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். செய்முறைப் பாடத்துக்கு மாணவர்கள் எழுதி ஒப்படைப்பவை. ஆய்வுக் குழு வந்தால் காட்டுவதற்காக ஒவ்வொரு ஆண்டின் மிகச் சிறந்த நோட்டையும் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள்.

ஷகிலா மேலே இருந்ததைத் திறந்தாள். ஒரு நிமிடம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வலது பக்கம் கையெழுத்து. இடது பக்கம் கணினித் திரை. பென்சிலால், ஸ்கேல் வைத்து, கலர் அடித்து, மவுஸின் அம்புக்குறி உட்பட வரைந்த கணினித் திரை. இ-வே பில் பக்கம், ஜிஎஸ்டி பக்கம், பேங்க் பக்கம் எல்லாமே வரைந்தவை. நீலம் கோட்டுக்கு வெளியே ஒரு இழைகூடப் போகவில்லை. 'நீட்' என்று சிவப்பு மையில் பாராட்டு வேறு.

"இத எதைப் பாத்து வரையறாங்க? சைட்டைப் பாத்தா?"

ஜெயபிரியா முனிராஜைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இந்த பீரோவுல இருக்கற சீனியர் நோட்டைப் பாத்துதாங்க. அவங்க அவங்களோட சீனியர் நோட்டைப் பாத்து."

ஷகிலா நோட்டுகளை வருடவாரியாக அடுக்கினாள். முதல் நோட்டு ஏழு வருடம் பழையது. அதில் இ-வே பில் திரையின் ஓரத்தில் ஆறு கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் 'வண்டி எண் மாற்றம்' என்று இருந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒன்பதாவது பயிற்சி: வண்டி பழுதானால் ஆறாவது கட்டத்தை அழுத்தவும். இரண்டாவது நோட்டிலும் ஆறு. கொரோனா வருடத்து நோட்டில் ஐந்துதான் இருந்தது. அந்தப் பிள்ளை கட்டங்களைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டது, தாளின் அடி வந்துவிட்டது, ஆறாவதுக்கு இடமில்லை. அவ்வளவுதான். அதற்கடுத்த வருடத்து நோட்டிலும் ஐந்து. ஆனால் ஒன்பதாவது பயிற்சி ஆறாவது கட்டத்தை அழுத்தச் சொல்கிறதே. இல்லாத கட்டத்தை எப்படி அழுத்துவது? யாரோ ஒரு கெட்டிக்காரப் பிள்ளை படத்துக்குப் பொருத்தமாகப் பாடத்தையே மாற்றிவிட்டது: வண்டி பழுதானால் பில்லை ரத்து செய்துவிட்டுப் புதியது போடவும். அதற்கும் சிவப்பு மையில் ஒரு டிக். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அதையே எழுதினார்கள், அதையே படித்தார்கள், அதற்கே மார்க் வாங்கினார்கள்.

கடைசி நோட்டின் அட்டையில் பிரியங்கா என்று பெயர் இருந்தது. அந்த ஆண்டின் சிறந்த நோட்டு அவளுடையது. ஐந்து கட்டங்கள், அழகான கையெழுத்து, ரத்து செய்யவும். கீழே 'எக்ஸலண்ட்'.

ஷகிலாவுக்குக் காது சூடானது. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. இவர்கள் சொல்லிக் கொடுத்ததை அச்சுப் பிசகாமல் செய்திருக்கிறாள்.

"இதான் உங்க டிஜிட்டலா?" அவள் எழுந்துவிட்டாள். "கம்ப்யூட்டர் லேப்னு எழுதிக் கதவுல ஒட்டிட்டா போதுமாங்க? ஏழு வருஷமா ஒருத்தர்கூட இந்தப் படத்தையும் சைட்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கலியா? இதுல இப்ப ஏஐ வேற. அதையும் கலர் பென்சில்ல வரைவாங்களா?"

மீதியை அவள் எந்த மொழியில் சொன்னாள் என்று அங்கிருந்தவர்களுக்கே சரியாகத் தெரியாது. மிக்சர் தட்டு கீழே விழுந்தது மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

முனிராஜ் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "எரநூத்தி நாப்பது பசங்க, முப்பது சிஸ்டம். எக்ஸ்டர்னல் வந்தா நோட்டைத்தாங்க கேக்கறாங்க, நோட்டுக்குத்தான் மார்க்கு" என்றார். "அந்த சைட்டுக்குள்ள போகணும்னா ஜிஎஸ்டி நம்பர் வேணும். காலேஜுக்கு ஏதுங்க? யாராவது கம்பெனிக்காரங்க வரச் சொன்னாத்தானே." கொஞ்சம் தயங்கிவிட்டு ஒரு பழைய கோப்பை எடுத்தார். "தப்பா நெனைக்காதீங்க. போன தடவ நீங்களே ஒத்துக்கிட்டதுதான்."

நாலு வருடத்துக்கு முந்தைய கூட்டக் குறிப்பு. ஏழாவது தீர்மானம்: 'தொழில்துறை வல்லுநர் திருமதி ஷகிலா அவர்கள், ஒவ்வொரு பருவத்திலும் மாணவர்களுக்குத் தம் நிறுவனத்தில் நேரடிக் கணினிப் பயிற்சி அளிக்க மகிழ்வுடன் ஒப்புக்கொண்டார்.' கீழே அவளுடைய கையெழுத்து, தெளிவாக, கடைசியில் ஒரு கோடு இழுத்து.

இதை யார் எழுதியது, எப்போது எழுதியது என்று கேட்க அவளுக்கு வாய் வரை வந்தது. கேட்கவில்லை. மிக்சர் தின்ற கையோடு படிக்காமல் போட்ட கையெழுத்து அது. பில் புக்கில் ஒரு சைபர் விடுபட்டாலும் ஊரைக் கூட்டுகிறவள், இத்தனை பிள்ளைகளின் படிப்பில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

புதுக் குறிப்பில் தன் பெயர் இருந்த வரியை அவள் பேனாவால் அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: 'நான் பாராட்டவில்லை. செய்முறைத் தேர்வு கணினியில் நடக்க வேண்டும். என் கம்பெனி கணினியும் நம்பரும் தருகிறேன். இதைச் சேர்த்து அச்சடித்தால் கையெழுத்து.'

"நீங்க இன்னைக்குப் போடலைன்னா சிலபஸ் நின்னு போயிடும் மேடம்."

"நிக்கட்டும்ங்க. என் லோடு மூணு நாள் நிக்கலியா?"

பிரியங்காவின் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஆய்வுக் குழுவுக்கு வேண்டுமே என்று ஜெயபிரியா முணுமுணுத்தார். திருப்பித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, பொன்னாடையை நாற்காலியிலேயே விட்டு, நேராகப் பென்னாகரம் பஸ் ஏறினாள்.

வீட்டில் விசாரித்துக்கொண்டு போனபோது, பிரியங்கா அங்கே ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டு என்றால் உண்மையாகவே நின்றுகொண்டு. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கிடையாது. ஷகிலாவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. கல்லாப் பக்கமிருந்து சூப்பர்வைசர் பார்ப்பதைக் கவனித்து, ஒரு சேலையை எடுத்து விரித்தாள்.

"என்ன கலர்ல பாக்கறீங்க?"

ஷகிலா நோட்டைச் சேலையின் மேல் வைத்தாள். ஒன்பதாவது பயிற்சியைத் திறந்து காட்டினாள். ஆறாவது கட்டம் காணாமல் போன கதையைச் சொன்னாள். பிரியங்கா கேட்டுக்கொண்டே அடுத்த சேலையை விரித்தாள்.

"தப்பு உன்னோடது இல்ல. மறுபடி வேலைக்கு வா."

"அன்னைக்கே சொன்னேங்களே, ரெக்கார்டுல இருக்குன்னு." குரல் உயரவில்லை. "அதோட நாப்பது நிமிஷம் உங்க போனுக்கு அடிச்சேன். அதை நீங்க குரூப்புல சொல்லலைங்க. இந்தக் கடையில வேலை கேட்டப்ப, அந்த ஊறுகா கம்பெனிப் பொண்ணுதானே, கம்ப்யூட்டர் வேணாம், சேலைய மடின்னாங்க."

பிரியங்கா மூன்றாவது சேலையை எடுத்தாள், ஆனால் விரிக்கவில்லை.

"எங்க சிலபஸ் புக்குல மொதப் பக்கத்துலயே உங்க பேரு இருக்குங்க. ஒவ்வொரு செமஸ்டரும் உங்க கம்பெனியில ட்ரெயினிங்னு போட்டிருக்கும். நாங்க அறுவது பேரு, எப்ப சார் கூட்டிட்டுப் போவீங்கன்னு ஆறு செமஸ்டரும் கேட்டோம். யாரும் கூட்டிட்டுப் போகல. படிச்சு முடிச்சதும், அதான் நானே வந்தேன்."

மூன்று மொழி தெரிந்தவளுக்கு ஒரு மொழியிலும் வார்த்தை வரவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடத் தன் மேலேயே வந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது. போனை எடுத்தாள். அந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, கடைக்காரர்கள் பார்க்க, சூப்பர்வைசர் பார்க்க, குரல் பதிவு பொத்தானை அழுத்தினாள்.

"நான் ஷகிலா பேசறேன். ஏப்ரல் மாசம் பிரியங்காவைப் பத்திப் போட்டது தப்பு. அந்தப் பொண்ணு படிச்சதைத்தான் செஞ்சுது. அந்தத் தப்பான படிப்புக்குப் படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டது நானு. லோடு மாட்டுன அன்னைக்கு நாப்பது நிமிஷம் போன் எடுக்காததும் நானு."

அனுப்பிவிட்டு, தலையை நிமிர்த்தாமல் நின்றாள்.

பிரியங்கா விலைச்சீட்டு எழுதும் பேனாவை எடுத்து நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். ஐந்தாவது கட்டத்துக்குக் கீழே கொஞ்சம்தான் இடம் இருந்தது. அதில் சின்னதாக ஆறாவது கட்டம் போட்டு, 'வண்டி எண் மாற்றம்' என்று நெருக்கி எழுதினாள். எதிர்ப்பக்கத்தில் ரத்து செய்யச் சொன்ன வரியை அடித்துத் திருத்தினாள்.

"இதைத் திருப்பி அந்த பீரோவுலயே வெச்சிடச் சொல்லுங்க" என்றாள். "நீங்க என்ன எழுதிக் குடுத்தாலும், அடுத்த வருசமும் பசங்க இதைப் பாத்துதாங்க எழுதுவாங்க."

"நீ வருவியா?"

"மாசம் முடியற வரைக்கும் இங்க நின்னாத்தான் சம்பளம் தருவாங்க. அப்புறம் வர்றேங்க. மாந்தோப்புக்குப் போறப்ப அந்த போனை மட்டும் ஆபீஸ்ல வெச்சிட்டுப் போங்க."

சொல்லிவிட்டு, விரித்துப் போட்ட சேலைகளை அவள் ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள்.